அம்மா உடைத்துக் கொடுத்த முட்டைகள்

பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பட்டர் ஃப்ரூட்டை ஒளித்து வீட்டுக்குள் கொண்டுபோவது எவ்வளவு பெரிய காரியம் என்பது கொண்டுபோனவனுக்குத்தான் தெரியும். வேறு எதைக் கொண்டுவந்தாலும் தெரு பேசாமல் இருந்துவிடும். பையில் வாழைப்பழத்துக்கு அடியிலிருந்து பச்சையாக ஏதாவது எட்டிப் பார்த்துவிட்டால் போதும், எதிர் வீட்டு அக்கா வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நிற்பார்.

"இன்னா தம்பி அது, மாங்காவா?"

மாங்காய் என்று நினைத்துவிட்டால் கதை முடிந்தது. கல்யாணமான வீட்டுக்குள் பருவம் தப்பி மாங்காய் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவசரமாக மறுத்தேன்.

"இல்லக்கா, பட்டர் ஃப்ரூட்டு. மூஞ்சில பூசறதுக்கு."

"யாரு மூஞ்சில?"

"என் மூஞ்சிலதான்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, "பூசு, பூசு" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். என் மனைவி இரண்டாவது முறையாக உண்டாகியிருந்தாள். முதல் முறை நாங்கள் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. நாள் தள்ளிப்போனதுமே தெரு முழுக்க லட்டு கொடுத்தோம். ஸ்கேன் எடுக்கப் போனபோது டாக்டரம்மா பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தி, திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். உள்ளே துடிப்பு இல்லை. லட்டு வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் பிறகு பதில் சொல்ல வேண்டியிருந்தது. சிலர் துக்கம் விசாரிப்பது போல வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார்கள். அதனால் இந்த முறை அவளும் நானும் அம்மாவும் தவிர யாருக்கும் தெரியக் கூடாது என்று முடிவு செய்தோம். அதே ஸ்கேன் முடிகிற வரை வாயைத் திறப்பதில்லை.

வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம், மசக்கையை என்ன செய்வது? அவளுக்குச் சோற்று வாசனை ஆகவில்லை. குழம்பு தாளித்தால் தோட்டத்துக்கு ஓடினாள். இட்லி உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. காலையில் எழுந்ததும் வயிற்றுக்குள் ஏதாவது போய்த் தங்கினால் அந்த நாள் பிழைத்தது, இல்லாவிட்டால் பொழுது சாயும்வரை வாந்திதான். ஒருமுறை குளுக்கோஸ் ஏற்றிக் கூட்டிவர வேண்டியதாயிற்று. அன்று திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "டவுன்ல ஒரு கடையில சாப்டுவோமே, ரொட்டி மேல பச்சையா பூசி முட்ட வெச்சிக் குடுப்பாங்களே, அது தின்னா நிக்கும்னு தோணுதுப்பா" என்றாள். கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்த காலத்தில் ஒரு தட்டு வாங்கி இருவராகத் தின்ற பண்டம் அது. நான் அன்றே வண்டியைத் திருப்பினேன்.

அதன்பின் காலைச் சமையல் என் பொறுப்பானது. பழத்தை அரிசி டிரம்முக்குள் புதைத்துப் பழுக்க வைத்தேன். வில்லியனூர் பேக்கரி ரொட்டியைத் தோசைக்கல்லில் போட்டு இரண்டு பக்கமும் முறுகலாக்கினேன். பழத்தை உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டுக் கரண்டியால் மசித்தேன். இதெல்லாம் ஒரே நாளில் கைக்கு வந்துவிட்டது. முட்டையில்தான் வம்பு தொடங்கியது.

முதல் நாள் முட்டையைத் தட்டப் போனபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஒடைக்காத."

"ஏம்மா?"

"வயித்துப்புள்ளக்காரி புருஷன் தேங்கா ஒடைக்கக் கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு?"

"இது தேங்காயா?"

"தேங்காய விட இதுலதான்டா உசுரு இருக்குது."

நான் சிரித்துவிட்டேன். இது பண்ணை முட்டை, சேவலையே பார்க்காத கோழி போட்டது, அடை வைத்தாலும் குஞ்சு வராது என்று படித்தவன் தோரணையில் விளக்கினேன். "அது கோழிக்குத் தெரியும். ஒனக்கு இன்னா தெரியும்?" என்றார் அம்மா. தேங்காய் உடைக்கக் கூடாது, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்பதெல்லாம் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். முட்டையையும் அதில் சேர்த்தது அம்மாவின் சொந்தச் சட்டம் என்று எனக்குச் சந்தேகம். அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை, கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள்.

ஆக, தினமும் காலையில் அம்மா மூன்று முட்டைகளை உடைத்து மூன்று டம்ளரில் ஊற்றி, மருந்து எடுத்து வைப்பது போல அடுப்பு மேடையில் வரிசையாக வைத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். நான் டம்ளரிலிருந்து கல்லுக்குக் கவிழ்ப்பேன். இப்படி முட்டை பொரிக்கிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று எரிச்சலாக வரும். ஆனாலும் கவிழ்த்தேன்.

மூன்று பேருக்கும் மூன்று பதம். அம்மாவுக்கு ஓரமெல்லாம் கருகி மொறுமொறுவென்று ஆக வேண்டும், மஞ்சள் பொடிப்பொடியாக உதிர வேண்டும், மேலே மிளகுத் தூள் கண்ணை மறைக்க வேண்டும். பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வார். ரொட்டியையும் பச்சைப் பூச்சையும் அவர் கையால்கூடத் தொடவில்லை. "மாட்டுக்கு வயிறு கெட்டா சாணி இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி எங்கள் இருவரின் பசியையும் கெடுக்கப் பார்த்தார். எனக்கு ஒருமுறை திருப்பிப் போட்டு, உள்ளே அல்வாப் பதத்தில் இருந்தால் போதும். அவளுக்கு ஆஃப் பாயில். வெள்ளை வெந்திருக்க வேண்டும், மஞ்சள் தளதளவென்று ஆட வேண்டும், கத்தி பட்டதும் உடைந்து பச்சையின் மேல் வழிய வேண்டும். வழியாவிட்டால் தட்டைத் தள்ளிவிடுவாள்.

ஆனால் சுகாதார நிலையத்து நர்சம்மா வேறு சொல்லியிருந்தார். "முட்ட நல்லா வெந்திருக்கணும் சார். மஞ்ச கெட்டியாவணும். வழவழன்னு இருக்கறத இப்ப குடுக்காதீங்க." அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. நர்சம்மா சொன்னதைக் கேட்டால் அவள் சாப்பிட மாட்டாள். அவள் சொன்னதைக் கேட்டால் எனக்கு மூச்சு நின்றுவிடும்.

எத்தனை தந்திரம் செய்திருப்பேன் தெரியுமா? சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடி போட்டால் ஆவியிலேயே மேல்பக்கம் வெந்துவிடும், மஞ்சள்மேல் வெள்ளையாக ஆடை படியும். அந்த ஆடையைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவாள். அடுப்பைக் குறைத்து நெடுநேரம் வைத்தால் வெள்ளை ரப்பராகிவிடும். யாரும் பார்க்காதபோது சட்டென்று திருப்பி, மறுபடி திருப்பி, ஒன்றும் தெரியாதவன் போலத் தட்டில் வைத்தால் முள்கரண்டியால் ஒரு குத்து குத்தி, "திருப்பியிருக்க" என்பாள். ஒருநாள் கொஞ்சம் வழியும், ஒருநாள் வழியாது. வழிந்த நாளில் அவள் நிம்மதியாக இருப்பாள், நான் பொழுதெல்லாம் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பேன். வழியாத நாளில் நான் நிம்மதியாக இருப்பேன், அவள் பாதி தின்று வைத்துவிடுவாள். இருவரும் சேர்ந்து நிம்மதியாக இருந்த நாள் ஒன்றுகூட நினைவில்லை.

எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறவன், மடிக்கணினி முன்னால் உட்காருவேன், எழுந்திருப்பேன். கரும்புக் கொல்லை வரை நடப்பேன், அவள் கூப்பிட்டது போலத் தோன்றும், வேகமாகத் திரும்பி வருவேன். அவள் கூப்பிட்டிருக்க மாட்டாள். குளியலறைக் கதவு கொஞ்சம் அதிக நேரம் மூடியிருந்தால் வெளியே நின்று எதையாவது தேடுவது போலப் பாவனை செய்வேன். மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் நான் பேசாமல் இருந்து மானம் போனது உண்டு. "குட்டி போட்ட பூன அலையறத பாத்திருக்கேன். போடறதுக்கு முன்னாடியே அலையறத இப்பத்தான் பாக்கறேன்" என்றார் அம்மா. அவர் மட்டும் என்ன வாழ்ந்தாராம்? சாமி விளக்கில் எண்ணெய் குறைகிறதா என்று பகல் முழுக்கப் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயமாக இருக்கிறது என்று மட்டும் மூவரில் ஒருவரும் சொல்லவில்லை. முட்டையைப் பற்றிச் சண்டை போட்டோம்.

ஸ்கேன் நாள் வந்தது. போன முறை திரையைத் திருப்பிக்கொண்டார்களே, அதே ஸ்கேன். அம்மாவும் எங்களோடு வருவதாக இருந்தார், புடவைகூட எடுத்து வைத்துவிட்டார். விடியும்போது நெட்டப்பாக்கத்திலிருந்து போன் வந்தது. அம்மாவின் பெரியம்மா முறையில் ஒரு கிழவி இறந்துவிட்டார். வரப்புத் தகராறில் எங்கள் வீட்டோடு பேச்சுவார்த்தையை நிறுத்தியவர் அவர். இருந்தாலும் சாவுக்குப் போகாமல் இருக்க முடியுமா? நான் போகக் கூடாது, அவளும் போகக் கூடாது. அம்மாவும் போகாவிட்டால் ஒரு வீடே வரவில்லையே என்று ஆராய ஆரம்பித்துவிடுவார்கள். போனால் அந்தத் தீட்டோடு ஆஸ்பத்திரிக்கு வர முடியாது.

அம்மா கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்தார். பிறகு எடுத்து வைத்த புடவையை மடித்து உள்ளே வைத்துவிட்டு ஒரு பழைய புடவையைச் சுற்றிக்கொண்டார். "இந்தக் கெழவிக்கி இன்னிக்கித்தான் நேரம் கெடச்சிது பாரு" என்று திட்டியபடியே இரண்டு முட்டைகளை உடைத்து டம்ளரில் ஊற்றினார்.

"ஒண்ணு அவுளுக்கு, ஒண்ணு ஒனக்கு. வேற எதயும் தொடாத. டாக்டர் சொன்னதும் போன் பண்ணு."

சித்தப்பா மகனின் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

முதல் டம்ளரைக் கவிழ்த்தேன். அன்று எந்த ஆபத்துக்கும் இடம் கொடுப்பதில்லை என்று இருந்தேன். மூடி போட்டு, திருப்பி, மறுபடி மூடி போட்டு எடுத்தால், முட்டை அறுந்த செருப்பு வார் போலக் கிடந்தது. அவள் ஒரு வாய் கடித்தாள், மென்றாள், விழுங்க முடியவில்லை. "இன்னிக்கி மட்டும் இது வேணாம்பா, ப்ளீஸ்" என்று தட்டை நகர்த்தினாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு உதறலைக் கொடுத்தது.

எனக்கென்று வைத்த இரண்டாவது டம்ளரை எடுத்தேன். கவிழ்க்கும்போது டம்ளர் விளிம்பு பட்டு மஞ்சள் உடைந்தது. கல் முழுக்கப் பரவிக் காய்ந்து போனது. அந்த வாசனை அவளை எட்டியதும் எழுந்து தோட்டத்துக்கு ஓடினாள். வெறும் வயிற்றில் வாந்தி எடுக்கும் சத்தத்தை இங்கிருந்து கேட்டுக்கொண்டு நின்றேன். முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பசிக்குது" என்றாள்.

கூடையில் முட்டைகள் இருந்தன. ஒன்றை எடுத்தேன். கல் காய்ந்து புகைந்தது, அடுப்பைக் குறைத்தேன். முட்டையைக் குழாயடியில் கழுவினேன், துடைத்தேன். பெரிதாக இருப்பது போலத் தோன்றியது, திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தேன். கல்லின் விளிம்பு வரை கொண்டுபோனேன். தட்ட வேண்டியதுதான் பாக்கி. தட்டவில்லை. இதில் ஒன்றும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். கிரகணத்தன்று வேண்டுமென்றே சாப்பிடுகிறவன் நான். ஆனால் இதை இப்போது உடைத்துவிட்டு, இன்னும் சற்று நேரத்தில் அந்த அறையில் அவர்கள் திரையைத் திருப்பிக்கொண்டால், சாகும்வரை இந்த ஒரு முட்டையைத்தானே நினைத்துக்கொண்டிருப்பேன்? மூளை ஒன்று சொன்னது, கை கேட்கவில்லை.

"இன்னாப்பா நின்னுக்கினு இருக்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒடையேன்."

அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். இத்தனை நாள் அம்மாவைக் கிண்டல் செய்தவன், கேலி பேசினால் வாங்கிக்கொள்ள வேண்டியவன்தான். அவள் சிரிக்கவில்லை. என் விரல்களைப் பிரித்து முட்டையை எடுத்துக்கொண்டாள்.

"நீயும் ஒடைக்கக் கூடாதும்பாங்க அம்மா."

"ஆமா. மாமியா ஒடச்சா மண்கொடம், மருமவ ஒடச்சா பொன்கொடம். நவுரு."

தட்டினாள். முட்டை அழகாகக் கல்லில் விழுந்தது. மஞ்சள் உருண்டையாக நின்றது, வெள்ளை ஓரத்தில் மெல்லப் பூத்துக்கொண்டு வந்தது. மூடியை எடுத்து மூடினாள். நான் ரொட்டியில் பச்சையைப் பூசினேன். கொஞ்சம் பொறுத்து மூடியைத் தூக்கிப் பார்த்தாள். தினமும் என்னிடம் கேட்கிற அதே பதம்.

"போதும், எடுத்துடு" என்றேன்.

"இரு."

மறுபடி மூடினாள். இந்த முறை அதிக நேரம். திறந்து, கரண்டி முனையால் மஞ்சளை அழுத்திப் பார்த்தாள். இன்னும் மெத்தென்று இருந்தது. திருப்பிப் போட்டு மறுபடி மூடினாள். நான் எத்தனை தந்திரம் செய்தாலும் ஒத்துக்கொள்ளாதவள், மஞ்சள் கல் போல ஆகும்வரை மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒனக்கு மட்டுந்தான் பயம்னு நெனச்சியாப்பா?" என்றாள், அடுப்பையே பார்த்தபடி. "நான் எழுந்ததும் மொதல்ல துணியில ஏதாச்சும் கறை இருக்குதான்னு பாக்கறேன். ராத்திரியும் பாக்கறேன். தும்மனாக்கூட பயமா இருக்குது. அந்த ஒரு தட்டு சாப்பிடற நேரம் மட்டும் நான் பழைய ஆளா இருக்கலாம்னு பாத்தேன். காலேஜ்ல தின்னமே, அந்த மாதிரி. அதுக்குத்தான் வழியணும் வழியணும்னு உன் உயிர எடுத்தேன்."

"எனக்கும் ரொம்ப பயமா இருக்குது" என்றேன். இத்தனை வாரத்தில் அந்தச் சொல் எங்கள் வீட்டில் அன்றுதான் கேட்டது. சொன்னதால் பயம் குறையவில்லை. ஆனால் ஆளுக்கொரு மூலையில் பயப்படுவது நின்றது. ரொட்டியை இரண்டாகப் பிய்த்துக்கொண்டோம். அவள் கெட்டி முட்டையைக் கஷ்டப்பட்டு மென்று, தண்ணீர் குடித்து விழுங்கினாள். "கேவலமா இருக்குது" என்றாள். இருந்தாலும் முழுவதையும் தின்றாள். வெளியே வரவில்லை.

ஸ்கேன் சென்டரில் எங்கள் முறை வரும்வரை நான் நாற்காலியில் உட்காரவே இல்லை. தண்ணீர் கேனருகே போவதும் வருவதுமாக இருந்தேன். செக்யூரிட்டி இரண்டு முறை என்னிடம், "டாய்லட் அந்தப் பக்கம் சார்" என்று வழி காட்டினார். உள்ளே கூப்பிட்டார்கள். அவளைப் படுக்க வைத்து வயிற்றில் ஜெல் தடவினார்கள். டாக்டரம்மா பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை நகரும், நிற்கும், நகரும். அந்தப் பேசாமை எங்களுக்குப் பழக்கமானது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், என் சுண்டுவிரலை மட்டும் எலும்பு நோகும்படி பிடித்திருந்தாள்.

டாக்டரம்மா ஒரு பட்டனை அழுத்தினார். அறை முழுக்கச் சத்தம் வந்தது. கரண்ட் வந்ததும் தூரத்துக் கொல்லையில் மோட்டார் ஓடத் தொடங்குவது போல, வேகமாக, நிற்காமல்.

"கேக்குதாம்மா? நல்லா இருக்குது. கண்ணத் தொறந்து பாருங்க" என்று திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

என்ன பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது, கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது.

வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் பறை அடித்துக்கொண்டிருந்தது, ஒப்பாரி கேட்டது. அம்மா எதுவும் கேட்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"துடிக்குதும்மா" என்றேன். "நல்லா துடிக்குது. நாங்க காதால கேட்டோம்."

அந்த மூச்சுச் சத்தமும் நின்றது. லைன் போய்விட்டதோ என்று, "அம்மா, அம்மா" என்றேன். அப்போதுதான் அந்த அழுகை வந்தது. என் அப்பா செத்தபோதுகூட அம்மா அப்படி அழுது நான் கேட்டதில்லை. போனைக் காதிலிருந்து எடுக்கக்கூட மறந்து, அத்தனை வாரமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டி, "எம்மா, எம்மா" என்று வாய்விட்டுக் கதறினார். சுற்றி இருந்த பெண்கள் ஓடி வந்து கட்டிக்கொள்வதும், "அழாதக்கா, பழச மனசுல வெச்சிக்காம வந்துட்டியேக்கா" என்று சொல்லிச் சொல்லி அவர்களும் சேர்ந்து அழுவதும் போனில் தெளிவாகக் கேட்டது. எங்கள் வீட்டோடு கடைசிவரை பேசாமல் செத்துப்போன அந்தக் கிழவிக்காக அம்மா அன்று விழுந்து விழுந்து அழுததை நெட்டப்பாக்கத்தில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.